டப்ளின் கடிதமும் ஈத்தாமொழி நோட்டீஸும்

2024 செப்டம்பர் 10, சாயங்காலம். நாகர்கோவில் வடசேரியில் என் அலுவலகத்தில் ஒரு மேல்முறையீட்டு மனுவை மூன்றாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருந்தேன். ஈத்தாமொழிப் பக்கம் தும்பு (தென்னை நார்) ஆலை நடத்தும் அண்ணாச்சி ஒருவரின் ஜிஎஸ்டி வழக்கு. தகராறில் இருந்த வரி 1,26,000 ரூபாய். அந்த நேரத்தில் ஃபோனில் செய்தி வந்தது. அயர்லாந்துக்கு ஆப்பிள் நிறுவனம் 1,300 கோடி யூரோ வரி கட்டியே ஆகவேண்டும் என்று ஐரோப்பிய யூனியனின் உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லிவிட்டது.

தொகையைப் பார்த்தால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். வாதத்தைப் பார்த்தால் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. ‘அன்றைக்கு அரசாங்கமே சரி என்றது. அதை நம்பித் தொழில் செய்தோம். இத்தனை வருடம் கழித்து வந்து செல்லாது என்றால் எப்படி?’ அண்ணாச்சிக்காக நான் எழுதி வைத்திருந்த வாக்கியத்தின் சாரம் ஆப்பிள் தரப்பு வாதத்திலும் இருந்தது. அண்ணாச்சி பக்கம் நியாயம் இருப்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அப்படியானால் ஆப்பிள் பக்கமும் நியாயம் இருந்தாக வேண்டுமே? அன்று ராத்திரி வீட்டுக்குப் போன பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பின்தேதியிட்டு, அதாவது பழைய தேதிக்குப் பின்னோக்கிப் போய்ப் பிடுங்குவது எப்போது அநியாயம், எப்போது நியாயம் என்பதை இரண்டு வழக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முயன்றதன் விளைவுதான் இந்த ஆய்வு.

கார்க் நகரத்துக் கணக்கு

அயர்லாந்தின் கார்க் நகரத்தில் ஆப்பிள் 1980-இல் கால் வைத்தது. அங்கே பதிவான அதன் துணை நிறுவனங்களில் இரண்டு இந்த வழக்குக்கு முக்கியம். ஒன்று விற்பனைக்கானது. உலகம் முழுக்க உள்ள தயாரிப்பாளர்களிடம் சரக்கை வாங்கி ஐரோப்பா, மத்திய கிழக்கு, ஆப்பிரிக்கா, இந்தியா ஆகிய சந்தைகளில் விற்பது அதன் வேலை. ஆமாம், நம் சந்தையும் அந்தக் கணக்கில்தான் இருந்தது. மற்றொன்று சில வகைக் கம்ப்யூட்டர்களைத் தயாரித்த நிறுவனம்.

1991-இலும் 2007-இலும் தலைநகர் டப்ளினிலிருந்து அயர்லாந்து வரித்துறை இந்த இரண்டுக்கும் எழுத்துமூலம் ஒப்புதல் கொடுத்தது. லாபத்தை எப்படிப் பிரிப்பது என்பதுதான் விஷயம். லாபத்தின் மிகப் பெரிய பங்கு ‘தலைமை அலுவலகம்’ என்ற ஒன்றுக்குப் போய்ச் சேரும். சிறு பங்கு கார்க் கிளைக்கு வரும். கிளைக்கு வந்த பங்குக்கு மட்டும் அயர்லாந்தில் வரி. அந்தத் தலைமை அலுவலகம் எந்த நாட்டில் இருந்தது? எந்த நாட்டிலும் இல்லை. அதற்குக் கட்டடம் கிடையாது, ஊழியர் கிடையாது. காகிதத்தில் மட்டும் இருந்தது. எந்த நாட்டுக்கும் சொந்தமில்லாத லாபத்துக்கு எந்த நாட்டிலும் வரி இல்லை.

2011-ஆம் வருடக் கணக்கை ஐரோப்பிய யூனியனின் நிர்வாக அமைப்பான ஐரோப்பிய ஆணையம் வெளியிட்டது. விற்பனை நிறுவனத்தின் லாபம் சுமார் 1,600 கோடி யூரோ. அதில் அயர்லாந்தில் வரிக்கு உட்பட்டதாகக் காட்டப்பட்டது சுமார் 5 கோடி யூரோ. கட்டிய வரி 1 கோடி யூரோவுக்கும் குறைவு. மொத்த லாபத்தோடு ஒப்பிட்டால் 0.05 சதவீதம். 2014-இல் அது 0.005 சதவீதமாக இறங்கியது. அதாவது 10 லட்சம் யூரோ லாபத்துக்கு 50 யூரோ வரி. அதே நாட்டில் மற்ற கம்பெனிகளுக்கு அப்போது வரி விகிதம் 12.5 சதவீதம். கார்க்கில் பேக்கரி வைத்திருப்பவரும் அதைத்தான் கட்டுவார்.

கிளையின் லாபத்தை எப்படி நிர்ணயித்தார்கள் என்பதையும் சொல்லவேண்டும். கிளையின் நடைமுறைச் செலவில் இத்தனை சதவீதம் என்று ஒரு எண்ணை வைத்தார்கள். தாங்கள் முன்வைத்த லாபத் தொகைக்கு அறிவியல் அடிப்படை எதுவும் இல்லை என்று நிறுவனத் தரப்பே பேச்சில் ஒப்புக்கொண்டது அப்போதைய கூட்டக் குறிப்பில் பதிவாகியிருக்கிறது. 20 வருடத்துக்கு மேலாக வரிக் கணக்கு தொழிலில் இருக்கும் எனக்கு இந்த ஒரு வரிதான் வழக்கின் உயிர். மேசையின் இரு பக்கமும் உட்கார்ந்து பேசி முடிவு செய்த தொகை அது. கார்க்கின் பேக்கரிக்காரருக்கு அந்த அறையில் நாற்காலி போடவில்லை. அப்படி ஒரு அறை இருப்பதே அவருக்குத் தெரியாது.

2013 மே மாதம் அமெரிக்க செனட் குழு ஒன்று ஆப்பிளின் வரி ஏற்பாட்டை வெளிப்படையாக விசாரித்தது. அடுத்த மாதமே ஐரோப்பிய ஆணையம் அயர்லாந்திடம் விவரம் கேட்டது. 2016 ஆகஸ்ட் 30-இல், போட்டிக் கொள்கை ஆணையர் மார்கிரெத்த வெஸ்டேயர் முடிவை அறிவித்தார். இது சட்டவிரோதமான அரசுச் சலுகை, 1,300 கோடி யூரோவையும் வட்டியையும் அயர்லாந்து வசூலிக்கவேண்டும் என்றார். விதிப்படி, ஆணையம் முதலில் விவரம் கேட்ட நாளிலிருந்து 10 வருடம் மட்டுமே பின்னோக்கிப் போகலாம். ஆகவே 2003-க்கு முந்திய வருடங்கள் தப்பின.

அயர்லாந்து அந்தப் பணத்தை வேண்டாம் என்றது. எங்களுக்குச் சேரவேண்டியதில்லை என்று சொல்லி ஆப்பிளோடு சேர்ந்து வழக்குப் போட்டது. வழக்கு முடியும்வரை 2018-இல் வட்டியோடு 1,430 கோடி யூரோவை வசூலித்துத் தனிக் கணக்கில் போட்டு வைத்தது. 2020 ஜூலை 15-இல் கீழ் நீதிமன்றம் ஆணையத்தின் முடிவை ரத்து செய்தது. நான்கு வருடம் கழித்து மேல் நீதிமன்றம் அந்த ரத்தை ரத்து செய்து ஆணையத்தின் முடிவை நிலைநாட்டியது. அதுதான் அன்று சாயங்காலம் என் ஃபோனில் வந்த செய்தி.

பழைய விதியா, புதிய விதியா

2016-இல் ஆணையம் முடிவெடுப்பதற்குச் சில நாள் முன்பே அமெரிக்க நிதித்துறை எதிர்ப்பைப் பதிவு செய்தது. ஆணையம் புதிய அணுகுமுறை ஒன்றைக் கண்டுபிடித்து அதைப் பழைய வருடங்கள்மேல் சுமத்துகிறது, இது பின்தேதியிட்ட தண்டனை என்பது அதன் சாரம். இந்தக் குற்றச்சாட்டை லேசாகத் தள்ளிவிட முடியாது.

விதி பழையது. ஒரு உறுப்பு நாடு குறிப்பிட்ட நிறுவனத்துக்குத் தனிச் சலுகை தருவதாக இருந்தால், கொடுக்கும் முன்பே ஆணையத்திடம் தெரிவித்து ஒப்புதல் வாங்கவேண்டும் என்பது 1958-இல் நடைமுறைக்கு வந்த, ஐரோப்பிய யூனியனுக்கு அடித்தளமான ரோம் ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அயர்லாந்து 1973-இல் சேர்ந்தபோது இதை ஏற்றுத்தான் சேர்ந்தது. வரிக் குறைப்பு மாதிரியான சலுகையும் இதில் அடங்கும் என்று இத்தாலியின் ஜவுளித் துறை வழக்கில் 1974-லேயே தீர்ப்பு வந்தது. ஆனால் ஒரு கம்பெனிக்கு வரித்துறை எழுதிக் கொடுத்த கடிதத்தின்மேல் இந்த விதியைப் பாய்ச்சி, இவ்வளவு பெரிய தொகையை வசூலிப்பார்கள் என்று 1991-இல் கார்க்கில் யாராவது நினைத்திருப்பார்களா? நேரடி வரிகளுக்கு இந்த விதி எப்படிப் பொருந்தும் என்று ஆணையம் விளக்க அறிக்கை வெளியிட்டதே 1998 டிசம்பரில்தான். முதல் கடிதத்துக்கு இந்தச் சந்தேகத்தின் பலனை நான் கொடுத்துவிடுவேன். 2007-இல் எழுதிய இரண்டாவது கடிதத்துக்குக் கொடுக்க மாட்டேன். அதற்குள் எல்லோருக்கும் எல்லாம் தெரியும்.

நீதிமன்றமும் ஆணையம் சொன்னதற்கெல்லாம் தலையாட்டவில்லை. லக்சம்பர்க்கில் ஃபியட் நிறுவனத்துக்கு எதிரான முடிவை 2022 நவம்பரில் ரத்து செய்தது. அந்த நாட்டுச் சட்டம் எதைச் சரி என்கிறதோ அதை அளவுகோலாக வைக்காமல் ஆணையம் தன் சொந்த அளவுகோலை வைத்துவிட்டது என்பது காரணம். அமேசானுக்கு எதிரான 25 கோடி யூரோ வழக்கிலும் 2023 டிசம்பரில் ஆணையம் தோற்றது.

எனக்கு மிகவும் உதவியது இவற்றைவிடப் பழைய பெல்ஜியம் வழக்கு. பன்னாட்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையங்களுக்கு பெல்ஜியம் வரிச் சலுகை கொடுத்துவந்தது. 1980-களில் ஆணையத்திடம் தெரிவித்தபோது, இதில் ஆட்சேபம் இல்லை என்று ஆணையமே சொன்னது. 2003-இல் அதே ஆணையம் மனம் மாறி, இது கூடாது என்றது. 2006-இல் தீர்ப்பு வந்தது. மனம் மாறலாம், ஆனால் முன்பு நீங்களே பார்த்துச் சரி என்று சொன்னதை நம்பியவர்களுக்கு மாறிக்கொள்ள அவகாசம் கொடுக்காமல் அறுத்துவிட முடியாது என்றது நீதிமன்றம். அந்தச் சலுகை பார்க்கவேண்டியவர் கண்ணில் பட்டிருந்தது. ஆப்பிளுக்குக் கொடுத்த கடிதம் யார் கண்ணிலும் படவில்லை. ஒரே சட்டம் இரண்டு இடத்தில் இரண்டு விதமாக நடந்துகொண்டது ஏன் என்று கேட்டால், நான் இதைத்தான் பதிலாகச் சொல்வேன்.

1962 வரை பின்னோக்கிப் போன சட்டம்

நம் நாட்டில் ‘பின்தேதி வரி’ என்றதும் எல்லோருக்கும் வோடஃபோன் ஞாபகம் வரும். ஆப்பிள் வழக்கையும் அதையும் ஒரே கட்டில் கட்டுகிறவர்கள் நிறையப் பேர். இரண்டும் வேறு சரக்கு.

2007-இல் ஹட்சிசன் நிறுவனத்தின் இந்தியத் தொலைபேசித் தொழிலை வோடஃபோன் வாங்கியது. கைமாறியது கேமன் தீவில் பதிவான ஒரு கம்பெனியின் பங்கு. இந்திய வருமான வரித்துறை சுமார் 11,000 கோடி ரூபாய் கேட்டது. 2012 ஜனவரி 20-இல், தலைமை நீதிபதி கபாடியா தலைமையிலான அமர்வு, அன்றைய சட்டப்படி இந்த வரி கிடையாது என்று தீர்ப்பளித்தது. அதே வருடம் பட்ஜெட்டில் சட்டமே திருத்தப்பட்டது. திருத்தம் 1962 ஏப்ரல் 1 முதல் இருந்ததாகக் கொள்ளவேண்டும் என்று எழுதினார்கள். கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்து ஆறு வருடம்கூட ஆகாத காலம் அது. அந்தக் காலம்வரை ஒரு வாக்கியம் பின்னோக்கிப் போய் உட்கார்ந்தது.

கெய்ர்ன் என்ற எண்ணெய் நிறுவனத்திடம் 2006-இல் நடந்த பரிமாற்றத்துக்கு 10,247 கோடி ரூபாய் கேட்டார்கள். அதன் பங்குகளை விற்றும் லாப ஈவைப் பிடித்தும் வசூலித்தார்கள். 2020-இல் இரண்டு நிறுவனங்களும் சர்வதேச நடுவர் மன்றத்தில் ஜெயித்தன. 2021 ஆகஸ்டில் பாராளுமன்றம் அந்தப் பின்தேதி விளைவை நீக்கியது. 17 வழக்குகள் கைவிடப்பட்டன. வசூலித்த சுமார் 8,100 கோடி ரூபாய் வட்டி இல்லாமல் திரும்பிப் போனது.

இங்கே நடந்தது, ஆட்டம் முடிந்த பிறகு கோட்டை நகர்த்தி வரைந்தது. அயர்லாந்தில் கோடு பழைய இடத்திலேயே இருந்தது. ஒருவருக்கு மட்டும் அதைத் தாண்டிக்கொள்ள அனுமதி கொடுத்திருந்தார்கள். வோடஃபோன் பணக்காரக் கம்பெனி, வரியைத் தவிர்க்கத்தான் கேமன் தீவு வழியாகப் போனது என்றெல்லாம் சொல்லலாம். சட்டத்தில் ஓட்டை இருந்தால் அடைக்கவேண்டியது அரசின் வேலை. அடைத்த நாளிலிருந்துதான் அது அடைபட்டது.

ஆரல்வாய்மொழிக் காத்தாடிகள்

சலுகையை எடுப்பதில் ஒழுங்கான முறையும் உண்டு. எங்கள் மாவட்டத்திலேயே அதைப் பார்த்திருக்கிறேன்.

நாகர்கோவிலிலிருந்து திருநெல்வேலி போகிறவர்கள் ஆரல்வாய்மொழியும் முப்பந்தலும் தாண்டும்போது ஜன்னல் வழியாகப் பார்க்கும் காத்தாடிகளில் பாதியை நட்டது காற்று, மீதியை நட்டது வருமான வரிச் சட்டம் என்று என் குருநாதர் சொல்வார். காற்றாலையின் விலையில் 80 சதவீதத்தை முதல் வருடத்திலேயே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்று சலுகை இருந்தது. 1 கோடி ரூபாய்க்குக் காத்தாடி வாங்கினால், அந்த வருட லாபத்தில் 80 லட்சத்தைக் கழிக்கலாம். 180 நாளுக்குக் குறைவாக ஓடினால் பாதிதான். அதனால் செப்டம்பர் மாதக் கடைசியில் எப்படியாவது ஓடவைத்துவிடவேண்டும் என்று கிரேன்கள் பறக்கும். நான் பயிற்சிக்கு இருந்த அலுவலகத்தில் செப்டம்பர் 30 ராத்திரி மின்வாரியச் சான்றிதழுக்காகக் காத்துக் கிடந்திருக்கிறோம்.

2012 ஏப்ரல் 1-இலிருந்து புதிய காற்றாலைகளுக்கு இந்தச் சலுகை போய்விட்டது. சாதாரண 15 சதவீதம்தான். 2014-இல் திரும்பக் கொடுத்தார்கள். 2017-இல் எல்லா இயந்திரங்களுக்குமே உச்சவரம்பு 40 சதவீதம் என்று குறைத்தார்கள். தொழிலில் இருந்தவர்கள் திட்டினார்கள், ஆர்டர்கள் விழுந்தன. ஆனால் அதுவரை நின்ற காத்தாடிக்குக் கழித்த பணத்தைத் திருப்பிக் கட்டு என்று ஒருவருக்கும் நோட்டீஸ் வரவில்லை. விதி அரசிதழில் இருந்தது, யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், எடுத்தபோது வரும் நாளிலிருந்து எடுத்தார்கள்.

களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் இதற்கு மாறாக நடந்த ஒரு சம்பவம் உண்டு. புதிய சிறுதொழில்களுக்கு 5 வருடம் விற்பனை வரி விலக்கு என்று 1979 ஏப்ரலில் கேரள அரசு ஆணை போட்டது. நம்பி எண்ணெய் ஆலை வைத்தார்கள். 1980 செப்டம்பரில் இன்னொரு ஆணை வந்து அந்த விலக்கைச் சுருக்கியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. இரண்டாவது ஆணைக்கு முன்பு ஆலை வைத்தவர்களுக்கு முதல் வாக்குறுதி அப்படியே செல்லும் என்று 1986-இல் தீர்ப்பு. வாக்குறுதி கொடுத்து ஒருவரை முதல் போடவைத்த பிறகு அரசு அதிலிருந்து பின்வாங்க முடியாது என்று மோதிலால் பதம்பத் வழக்கில் நீதிபதி பகவதி வகுத்த கோட்பாட்டின் வழியில் வந்த தீர்ப்பு இது.

இந்தக் கோட்பாடு எல்லா இடத்திலும் காப்பாற்றியது என்று சொன்னால் அது பொய். 2001 ஜனவரி பூகம்பத்துக்குப் பிறகு கட்ச் பகுதியில் தொழில் தொடங்குகிறவர்களுக்கு, ரொக்கமாகக் கட்டிய உற்பத்தி வரியைத் திருப்பித் தருவதாக மத்திய அரசு அறிவித்தது. சிலர் பொய்யாக உற்பத்தி காட்டிப் பணம் வாங்கினார்கள். அதைக் காரணம் காட்டி 2008-இல் திருப்பித் தரும் அளவைச் சுருக்கினார்கள். 2020 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைச் சரி என்றது. பொதுநலனுக்காகவும் முறைகேட்டைத் தடுக்கவும் சுருக்கலாம் என்பது அதன் காரணம். நான் அந்தத் தீர்ப்போடு ஒத்துப்போகவில்லை. பொய்க் கணக்கு எழுதியவனைப் பிடிக்கவேண்டும். உண்மையாகவே ஆலை கட்டி ஆள் வைத்தவரின் பங்கை ஏன் குறைக்கவேண்டும்? திருட்டுப் போனது உண்மை என்பதற்காகத் தெருவில் இருந்த எல்லோரிடமும் வசூலித்துவிட முடியுமா?

ஈத்தாமொழி

இந்தக் கேள்வியோடுதான் அண்ணாச்சியிடம் வருகிறேன்.

அவருடைய ஆலையில் கதம்பை (தேங்காய் மட்டை) அடித்துத் தும்பு எடுத்துக் கட்டுப் போட்டு லாரி ஏற்றுகிறார்கள். 2020 ஜனவரியில் கட்டுப் போடும் மெஷின் ஒன்று வாங்கினார். விலை 7 லட்சம், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 1,26,000. விற்றவர் வெளி மாவட்டம். பில் இருக்கிறது, இ-வே பில் இருக்கிறது, பணம் முழுக்க வங்கி வழியாகப் போயிருக்கிறது. மெஷின் இன்றைக்கும் ஷெட்டில் ஓடுகிறது. சத்தத்தில் பக்கத்தில் நின்று பேச முடியாது. வாங்கிய அன்று ஜிஎஸ்டி இணையதளத்தில் விற்றவரின் எண்ணைப் போட்டுப் பார்த்தேன். ‘நடப்பில் உள்ளது’ என்று காட்டியது. கட்டிய வரியை உள்ளீட்டு வரவாக எடுத்தோம், அதாவது நாங்கள் கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொண்டோம். சட்டம் அனுமதிப்பதுதான்.

2024 மே மாதம் நோட்டீஸ் வந்தது. விற்றவரின் பதிவை 2022-இல் ரத்து செய்துவிட்டார்களாம். ரத்து செய்தது 2022-இல். செல்லாமல் போன தேதி என்று போட்டிருந்தது 2019-ஐ. ஆக, அண்ணாச்சி மெஷின் வாங்கிய நாளில் அப்படி ஒரு வியாபாரியே இல்லை என்று ஆகிவிட்டது. எடுத்த வரவைத் திருப்பிக் கட்டு, 18 சதவீத வட்டி கட்டு, 10 சதவீத அபராதம் கட்டு. வட்டி மட்டும் 90,000-க்கு மேல் வந்தது.

அண்ணாச்சி நோட்டீஸை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்தார். என் முன்னால் விரித்துப் போட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“அவனுக்க தப்புக்கு எனக்க பைசாவா தம்பி? மெஷின் எனக்க ஷெட்டுல கிடந்து ஓடுது, வந்து பார்க்கச் சொல்லும்.”

ஜிஎஸ்டி சட்டத்தின் 29-ஆம் பிரிவு, அதிகாரி சரி என்று கருதும் எந்தப் பழைய தேதியிலிருந்தும் பதிவை ரத்து செய்யலாம் என்கிறது. 16-ஆம் பிரிவு, விற்றவர் வரியை அரசுக்குக் கட்டியிருந்தால்தான் வாங்கியவர் வரவு எடுக்கலாம் என்கிறது. விற்றவர் கட்டினாரா என்று வாங்கியவர் எப்படிப் பார்ப்பது? கட்டாவிட்டால் எப்படிக் கட்டவைப்பது? அந்த அதிகாரம் துறையிடம்தான் இருக்கிறது. பதிவு கொடுத்தது துறை. ‘நடப்பில் உள்ளது’ என்று ஊருக்கெல்லாம் காட்டியது துறையின் தளம். மூன்று வருடம் அந்த வியாபாரியைக் கவனிக்காமல் விட்டதும் துறை.

எங்களுக்குப் பிடிமானமாக ஒரு தீர்ப்பு இருந்தது, அதுவும் எங்கள் ஊர்க்காரர்கள் வாங்கியது. நாகர்கோவில் வரிச் சரகத்தில் பதிவு பெற்ற ரப்பர் ஷீட் வியாபாரிகளிடம், சரக்கு விற்றவர்கள் வரி கட்டவில்லை என்பதற்காக வரவைத் திருப்பிக் கேட்டார்கள். 2021 பிப்ரவரி 24-இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த உத்தரவை ரத்து செய்தது. வரியை வாங்கிக்கொண்டு கட்டாமல் விட்டவரை விசாரிக்காமல், அவரிடம் வசூலிக்க முயலாமல், வாங்கியவர்மேல் மட்டும் கை வைத்தது சரியல்ல என்பது தீர்ப்பின் அடிப்படை. அதன் நகல், வங்கிக் கணக்கு, எடைமேடைச் சீட்டு, மெஷினின் புகைப்படம் எல்லாம் சேர்த்துப் பதில் கொடுத்தோம். ஆகஸ்டில் உத்தரவு எங்களுக்கு எதிராகவே வந்தது. ‘பதிவு ரத்தாகியிருப்பதால் வரவு ஏற்கத்தக்கதல்ல’ என்று இரண்டு வரி. ரப்பர் ஷீட் தீர்ப்பைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

மேல்முறையீட்டுக்குத் தகராறு வரியில் 10 சதவீதம் முன்கூட்டிக் கட்டவேண்டும். 12,600 ரூபாய் கட்டினோம். இதற்கிடையில் நவம்பரில் சமாதானத் திட்டம் நடைமுறைக்கு வந்தது. 2017 முதல் 2020 மார்ச் வரையிலான வழக்குகளில் 2025 மார்ச் 31-க்குள் வரியை மட்டும் கட்டிவிட்டால் வட்டியும் அபராதமும் தள்ளுபடி. கணக்குப் போட்டுப் பார்த்தால் லாபம். அண்ணாச்சியிடம் அதையே சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

“ஒரு தடவை கெட்டியாச்சு. திரும்பக் கெட்டினா நான் கள்ளன்னு நானே எழுதிக் குடுக்கதுக்குச் சமமாக்கும். வேண்டாம்.”

அவர் சொன்னது தொழில் ரீதியாகச் சரியான முடிவா என்று எனக்குத் தெரியாது. மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பணம் யார் கைக்குப் போகிறது

இரண்டு வழக்கையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒரு விஷயம் உறுத்துகிறது. விதியை மீறிச் சலுகை கொடுத்தது அயர்லாந்து அரசு. பல வருடம் மறைத்து வைத்தது அயர்லாந்து அரசு. தீர்ப்பு வந்தபின் 1,400 கோடி யூரோவுக்கு மேல் போய்ச் சேர்ந்ததும் அதே அயர்லாந்து அரசின் கஜானாவுக்கு. இந்தச் சலுகையால் எங்கெல்லாம் வரி குறைந்ததோ அந்த நாடுகளுக்குத் தானாக எதுவும் போகவில்லை. மற்ற நாடுகள் தங்கள் பங்கைக் கேட்டால் அயர்லாந்துக்குச் சேரவேண்டியது குறையும் என்று 2016-இல் வெஸ்டேயர் சொன்னார். ஆனால் பெருமளவுப் பணம் போனது கொடுத்த கைக்கே. இந்தியச் சந்தையில் விற்றதன் லாபமும் அந்த மூட்டைக்குள் எங்கோ இருக்கிறது.

ஈத்தாமொழியிலும் இதே கதை. தவறான ஆளுக்குப் பதிவு கொடுத்தவரும், தளத்தில் சரி என்று காட்டியவரும், இப்போது வட்டியோடு கேட்கிறவரும் ஒருவரே. தன் தவறுக்குத் தானே வட்டி வாங்கும் ஏற்பாடு இது. சலுகையைப் பின்தேதியிட்டு எடுக்கும் எந்தச் சட்டமும், கொடுத்தவர் தலையிலும் ஒரு பங்கை வைத்தாகவேண்டும். அயர்லாந்துக்கு வந்த பணத்தில் ஒரு பகுதி ஐரோப்பிய யூனியனின் பொது நிதிக்குப் போயிருக்கவேண்டும். ஜிஎஸ்டியில், பதிவு நடப்பில் இருந்த காலத்தில் உண்மையாகச் சரக்கு வாங்கியவரிடம் வரி கேட்கக்கூடாது. குறைந்தது, வட்டி கேட்கவே கூடாது. இதைச் சட்டத்திலேயே எழுதவேண்டும். நீதிமன்றத்துக்குப் போக வசதி உள்ளவருக்கு மட்டும் கிடைக்கும் நியாயமாக அதை விட்டுவைக்கக் கூடாது.

அன்றைக்கு ராத்திரி விடை தெரியாமல் நின்ற கேள்விக்கு இப்போது என்னிடம் பதில் இருக்கிறது. ஆப்பிள் நம்பியது, தானே உட்கார்ந்து பேசி, தனக்கு மட்டும் வாங்கிய ஒரு கடிதத்தை. போட்டியாளர் யாரும் அதைப் படிக்க முடியாது, படித்தாலும் கேட்டு வாங்க முடியாது. பெல்ஜியத்தில் இருந்ததுபோல் அதை மேலே காட்டி ஒப்புதல் வாங்கும் வழி இருந்தது. காட்டவில்லை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்ற ஊர் கடமைப்படவில்லை. அண்ணாச்சி நம்பியது, யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கக்கூடிய ஒரு பக்கத்தை. அதில் இருந்த சொல்லை எழுதுவதில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை. ஆரல்வாய்மொழியில் காத்தாடி நட்டவர் நம்பியதும் கேரளத்து எண்ணெய் ஆலைக்காரர் நம்பியதும் அந்த வகைதான். அந்தச் சொல்லைப் பழைய தேதியிட்டு அழிக்க அரசுக்கு உரிமை இருக்கக்கூடாது.

மேல்முறையீடு இன்னும் விசாரணைக்கு வரவில்லை. அண்ணாச்சி இப்போது ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். பெல்ட், பேரிங், பிளாஸ்டிக் கயிறு, எது வாங்கினாலும் பணம் போடும் முன்பு விற்பவரின் ஜிஎஸ்டி பக்கத்தைத் திறந்து, ‘நடப்பில் உள்ளது’ என்ற இடத்தைத் தேதியோடு படம் எடுத்து எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு ஒன்று வந்தது. 3,400 ரூபாய்க்கு மோட்டார் பெல்ட். கீழே ஒரு வரி: “இதைப் பத்திரமா வச்சிரும் தம்பி.”